புயல் கூண்டுலேர்ந்து வாட்ஸ்அப் வரை: எங்க கரையோரத்துக்கு சேதி வந்த கதையும் போன கதையும்



கஜாவுல சாய்ஞ்ச தென்னையைப் பத்தி நான் எழுதின பதிவைப் படிச்சிட்டு வெளியூர்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். "அண்ணே, செல்போன் இல்லாத காலத்துல புயல் வரப்போகுதுன்னு உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. சம்பா விதைச்சாச்சு, களை எடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதனால எனக்குத் தெரிஞ்சதையும், பெரியவங்க சொல்லக் கேட்டதையும், படிச்சதையும் சேர்த்து எழுதுறேன்.

ஒண்ணை முதல்லயே பிரிச்சு வெச்சுக்கிறேன். ஆபத்து காலத்துல சேதி ரெண்டு பக்கம் போகணும். வெளியிலேர்ந்து ஊருக்குள்ள வரணும், அதாவது புயல் வருது, தண்ணி திறக்கிறாங்கன்னு. ஊருக்குள்ளேர்ந்து வெளியேயும் போகணும், அதாவது இங்க இவ்வளவு தண்ணி நிக்குது, இத்தனை பேர் மாட்டியிருக்கோம்னு. முதல் வழி நூத்தம்பது வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சீராயிட்டே வந்திருக்கு. ரெண்டாவது வழியை ரொம்ப நாளா யாரும் கண்டுக்கல. அது திறந்தது பத்துப் பன்னெண்டு வருஷத்துக்குள்ளதான், அதையும் சனங்களே கையில இருந்த போனை வெச்சுத் திறந்துக்கிட்டாங்க.

1864 அக்டோபர்ல கல்கத்தாவை ஒரு பெரும்புயல் அடிச்சுது. அடுத்த மாசமே மசூலிப்பட்டினம் பக்கம் இன்னொண்ணு. ஆயிரக்கணக்குல சனம் செத்துப் போச்சு, கப்பல் எல்லாம் நாசம். கப்பல் போனாத்தான் வெள்ளைக்காரனுக்கு வலிக்கும். மறுவருஷமே கல்கத்தா துறைமுகத்துல புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்துச்சு, 1875ல இந்திய வானிலைத் துறையே தொடங்கினாங்க. துறைமுகத்துல உயரமான கம்பத்துல கூண்டு ஏத்துறது அப்படி வந்த பழக்கம்தான். பகல்ல கூண்டு, ராத்திரியில விளக்கு. நாகப்பட்டினத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்குன்னுதான் இன்னைக்கும் எங்க பக்கம் பெரியவங்க முதல்ல விசாரிப்பாங்க.

அந்தக் கூண்டு நம்பர் 1லேர்ந்து 11 வரை. 10ஆம் நம்பர்னா பெரும் அபாயம். அப்ப 11? 10ஐவிடப் பெரிய புயல்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. அது இல்ல. வானிலை மையத்தோட இருந்த தொடர்பு முழுசா அறுந்து போச்சு, கடும் புயல் வரும்னு இந்த ஊர் அதிகாரி தானா முடிவு பண்ணிட்டார்னு அர்த்தம். சேதி வராமப் போறதையே கடைசி எச்சரிக்கையா வெச்சிருக்காங்க. அந்தக் காலத்து ஆளுங்க சும்மா இல்ல.

ஆனா அந்தக் கூண்டு துறைமுகத்துல நிக்கிறவன் கண்ணுக்குத்தான் தெரியும். எங்களது வேதாரண்யம் தாலுகாவுல கடல்லேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளியிருக்கிற கடைமடை ஊர். 1952லயும் 1955லயும் அடிச்ச புயலைப் பத்தி எங்க தாத்தா சொல்லுவார். சாயங்காலம் தலையாரி தமுக்கு அடிச்சிட்டுப் போனார்னா சேதி வந்துச்சுன்னு அர்த்தம், அவர் வரலைன்னா வானத்தைப் பார்த்துக்க வேண்டியதுதான். கடல் இரைச்சல் எந்தப் பக்கம் கேக்குது, வாடைக்காத்து விட்டு விட்டு அடிக்குதா, மாடு தொழுவத்துக்குள்ள போக மறுக்குதா, இதுதான் கணக்கு. சில சமயம் சரியா இருக்கும். சரியா இல்லாதப்ப என்ன ஆச்சுன்னு சொல்ல ஆள் மிஞ்சாது, அதனாலயே பழைய கணக்கெல்லாம் பலிச்ச மாதிரி நமக்குத் தோணுதோ என்னமோ.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பாம்பன்லேர்ந்து நடுராத்திரி கிளம்பின பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கினப்ப சிக்னல் வேலை செய்யல. கொஞ்ச நேரம் நின்னு பார்த்திட்டு மெல்ல வண்டியை எடுத்திருக்காங்க. அலை வந்து வண்டியையே கொண்டு போயிடுச்சு. உள்ள இருந்த நூறு பேருக்கு மேல யாரும் மிஞ்சல. முன்னால ஸ்டேஷன்ல என்ன நிலவரம்னு வண்டியில இருந்தவங்களுக்குத் தெரியாது, வண்டிக்கு என்ன ஆச்சுன்னு வெளியே இருந்தவங்களுக்கும் உடனே தெரியல. தந்திக்கம்பி அறுந்து கிடந்துச்சு. பாம்பன் பாலத்தை 46 நாள்ல திருப்பிக் கட்டிட்டாங்க, ஸ்ரீதரன்ங்கிற இன்ஜினியர் அதுலதான் முதல்ல பேர் வாங்கினார். தனுஷ்கோடி ஊர் மட்டும் திரும்ப எழுந்திருக்கவே இல்ல.

எனக்கு நேரடியா ஞாபகம் இருக்கிறது 1977 நவம்பர் 12. மூணாங்கிளாஸ் படிக்கிறேன், தீபாவளி முடிஞ்ச கையோட வந்த புயல். எங்க தெருவுல ஒரே ஒரு ரேடியோ, பெரியப்பா வீட்டுல. திருச்சி வானொலியில தாழ்வு மண்டலம், கூண்டுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. ஆனா 'தென் தமிழகக் கடற்கரை'ன்னு சொன்னா அது எங்க ஊரா, ராமேஸ்வரமா? யாருக்கும் தெரியாது. சாயங்காலம் மழையோட மழையா தூங்கிட்டோம். விடியறதுக்கு முன்னாடி கூரை போச்சு. எங்க அம்மா என்னையும் தங்கச்சியையும் நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவுல சொருகி வெச்சிட்டு மேல சாக்கைப் போட்டுப் படுத்திருந்தாங்க.

அந்தப் புயல்ல எங்க ஜில்லாப் பக்கம் 500 பேருக்கு மேல செத்தாங்க. சரியா ஒரு வாரம் கழிச்சு 19ஆம் தேதி ஆந்திராவுல திவிசீமையில இன்னொரு புயல், அங்க பத்தாயிரத்துக்கும் மேல. நாட்டோட கவனம் எல்லாம் அங்க திரும்பிடுச்சு, அது நியாயமும்தான்.

நான் சொல்ல வந்தது அதுக்குப் பின்னால நடந்தது. எங்க ஊர்ல எத்தனை வீடு போச்சு, எத்தனை மாடு செத்துச்சுங்கிற கணக்கை கணக்குப்பிள்ளை நோட்டுல எழுதிக்கிட்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தே போனார். ரோட்டுல மரம், வாய்க்கால்ல கழுத்தளவு தண்ணி. போய்ச் சேர ரெண்டு நாள். அங்க அவர் மாதிரி இன்னும் எத்தனையோ பேர் நோட்டோட உட்கார்ந்திருந்தாங்களாம். வெளியாள்னு ஒருத்தர் எங்க தெருவுக்குள்ள வந்து பார்த்தது ஆறாம் நாள். அதுக்குள்ள செத்த மாடெல்லாம் ஊதி நாறி, குடிக்கிற குளமும் கெட்டு, சின்னப் பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு வந்திடுச்சு. எங்க தெருவுல ரெண்டு குழந்தைங்க புயல்ல பிழைச்சு அதுல போச்சு. கூண்டு, ரேடியோ, தமுக்கு எல்லாமே சேதியை உள்ள கொண்டு வர்றதுக்குத்தான். "இங்க தண்ணி கெட்டுப் போச்சு"ங்கிற ஒத்த வரியை வெளியே அனுப்ப ஒரு வழியும் இல்ல.

2004 சுனாமி ரெண்டு பக்கமும் வழி இல்லாத நாள். காலை 6.29க்கு சுமத்ராவுல பூமி அதிர்ந்துச்சு. அலை எங்க கரைக்கு வர ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அத்தனை நேரமும் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, அக்கரைப்பேட்டையில சனம் ஞாயித்துக்கிழமை மீன் வாங்கிட்டு இருந்துச்சு. எங்க ஜில்லாவுல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க. ஆனா அதே நாள், புதுச்சேரி பக்கத்துல நல்லவாடுன்னு ஒரு மீனவர் ஊர். அந்த ஊர்ப் பையன் சிங்கப்பூர்ல வேலை பார்த்துட்டு இருந்தான். டிவியில பார்த்திட்டு வீட்டுக்கு போன் போட்டு "கடலுக்குப் பக்கத்துல நிக்காதீங்க"ன்னான். அந்த ஊர்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வெச்சிருந்த தகவல் மையத்துல மீனவங்களுக்கு அலை உயரம் சொல்ல ஒரு ஒலிபெருக்கி இருந்துச்சு. அதுல சத்தம் போட்டு ஊரையே காலி பண்ணிட்டாங்க. சர்க்கார்கிட்ட அன்னைக்கு இல்லாத சேதி சொந்தக்காரன் வாய் வழியா வந்துச்சு. பின்னால வந்த பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாத்துக்கும் விதை இதுதான்னு நான் நினைக்கிறேன்.

அந்தச் சுனாமியிலயே வெளியே சேதி அனுப்புற வழிக்கும் ஒரு தொடக்கம் இருந்துச்சு. மும்பையில இருந்த சில வலைப்பதிவர்கள் சேர்ந்து யார் எங்க காணோம், எந்த ஊருக்கு என்ன வேணும்னு ஒரே இடத்துல எழுதத் தொடங்கினாங்க. இலங்கையில கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைங்க 'சஹானா'ன்னு ஒரு மென்பொருளே எழுதினாங்க. காணாமப் போனவங்க, முகாம், நிவாரணச் சாமான் எல்லாத்துக்கும் கணக்கு வெச்சுக்க. அப்புறம் வேற நாட்டுப் பேரிடருக்கும் அது போச்சு. நம்ம கடலுக்கு அந்தாண்ட பிறந்த விஷயம், இங்க ரொம்பப் பேருக்குத் தெரியல.

2015 டிசம்பர் 1, சென்னை. அன்னைக்கு 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலேர்ந்து 29,000 கனஅடி அடையாத்துல இறங்குச்சு. ஏர்போர்ட்டை மூடினாங்க. 1878லேர்ந்து வர்ற 'தி ஹிந்து' பேப்பர் முதல் தடவையா அச்சாகல, அச்சாபீசுக்கு ஆளுங்க போக முடியல. பேப்பரே வராத அன்னைக்கு ஊர் நிலவரம் எங்க இருந்துச்சுன்னா ட்விட்டர்லயும் பேஸ்புக்லயும் இருந்துச்சு. எந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி, யார் வீட்டு மாடியில இடம் இருக்கு, எங்க படகு இருக்குன்னு முகம் தெரியாத பிள்ளைங்க ராவும் பகலுமா உட்கார்ந்து பட்டியல் போட்டாங்க. முங்கின தெருவை எல்லாம் சனங்களே குறிச்சுக் குறிச்சு ஒரு வரைபடம் தயாராச்சு.

என் அண்ணன் மகள் அப்ப முடிச்சூர்ல வாடகை வீட்டுல இருந்தா. கைக்குழந்தை. போன் கிடைக்கல. என் பையன் இங்க எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துக்கிட்டு அவ தெருப் பேரைப் போட்டு எழுதினான். மூணு மணி நேரத்துல ஒருத்தர் பதில் போட்டார், "அந்தத் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி மீனவர் படகு வந்திருக்கு, நம்பர் தர்றேன்"னு. பிள்ளையைத் தூக்கிட்டு அவ இறங்கின சேதி மறுநாள் மத்தியானம்தான் எங்களுக்கு வந்துச்சு. 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்களுக்குத் தெரிஞ்ச நிலவரம், மாடியில நின்ன அவளுக்குத் தெரியாது. இது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான்.

அதே போன்லதான் குப்பையும் வந்துச்சு. முதலைப் பண்ணையிலேர்ந்து முதலை எல்லாம் வெளியே வந்துடுச்சுன்னு ஒண்ணு, 250 சென்டிமீட்டர் மழை பெய்யும்னு நாசாவே சொல்லிட்டான்னு இன்னொண்ணு. பண்ணைக்காரங்க மறுத்தாங்க, யார் கேட்டா? இதைவிட மோசமானது, பொய்யில்லாத பழைய சேதி. "கர்ப்பிணிப் பொண்ணு மாட்டியிருக்கு, உடனே உதவி தேவை"ன்னு காலையில போட்டது நிஜம். பத்து மணிக்கு மீட்டாச்சு. ஆனா ராத்திரி வரைக்கும் அதையே அனுப்பிட்டு இருப்பாங்க. படகு மறுபடி அங்கயே போகும், பக்கத்துத் தெருவுல நிஜமா ஒருத்தன் காத்திட்டு இருப்பான். தேதி, நேரம் இல்லாத சேதி விதை முளைப்புத்திறன் தெரியாத மூட்டை மாதிரி. நம்பி விதைக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது.

2018 ஆகஸ்ட்ல கேரளா முங்கினப்ப இது இன்னும் தேறிடுச்சு. அங்க சர்க்காரே ஐ.டி. பிள்ளைங்களைச் சேர்த்துக்கிட்டு 'கேரளா ரெஸ்க்யூ'ன்னு ஒரு தளம் நடத்துச்சு. உதவி கேட்கிறவங்க இடத்தைக் குறிச்சு அனுப்புவாங்க, அது கட்டுப்பாட்டு அறைக்கும் படகுக்கும் போகும். லாரியில படகை ஏத்திக்கிட்டு வந்த மீனவங்க எத்தனை ஆயிரம் பேரைக் காப்பாத்தினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

அதுக்கு மூணு மாசம் கழிச்சு எங்களுக்குக் கஜா. இலங்கை வெச்ச பேரு, யானைன்னு அர்த்தம். நவம்பர் 16 நடுராத்திரி தாண்டி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு. உள்ள வர்ற சேதியில இந்தத் தடவை குறையே சொல்ல முடியாது. காரைக்கால் ராடார் படம் பையன் போன்ல வந்துட்டே இருந்துச்சு. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதுறதை டீக்கடையில சத்தம் போட்டுப் படிச்சாங்க. முகாமுக்கு ஆயிரக்கணக்குல சனம் முன்னாடியே போயிட்டாங்க. புயலோட கண்ணு தாண்டுறப்ப காத்து திடீர்னு நிக்கும், வெளியே வராதீங்க, அடுத்து எதிர்ப்பக்கம் அடிக்கும்னும் சொல்லியிருந்தாங்க. அப்படியே வடக்கேயிருந்து அடிச்சுது, நின்னுச்சு, தெக்கேயிருந்து அடிச்சுது. முதல் அடியில ஆடின தென்னை ரெண்டாவது அடியில விழுந்துச்சு. 1977 மாதிரி நூத்துக்கணக்குல உசுரு போகாததுக்கு இந்த எச்சரிக்கைதான் காரணம்.

விடிஞ்சதும் நிலவரம் தலைகீழ். லட்சத்துக்கு மேல கரண்டு கம்பம் சாய்ஞ்சு கிடக்கு. செல்போன் டவர் எல்லாம் ஊமை. நேத்து ராத்திரி வரைக்கும் உலகத்தையே கையில வெச்சிருந்த எங்க ஊர் ஒரே ராத்திரியில 1977க்குப் போயிடுச்சு. வெளியூர் டிவியில முதல் நாள் சாவு 11, 13னு சொன்னாங்க, முன்னேற்பாடு நல்லா இருந்துச்சுன்னு எல்லாக் கட்சியும் பாராட்டுச்சு. சில நாள்ல அந்த எண்ணிக்கை 45ஐத் தாண்டுச்சு. பொய் சொன்னாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சேதி எங்கேயிருந்து வந்துச்சோ அந்த இடம் நல்லா இருந்துச்சு. நல்லா இல்லாத இடத்துலேர்ந்து சேதியே வரல. வராததை "ஒண்ணும் ஆகல"ன்னு எடுத்துக்கிட்டாங்க. இந்த இடத்துலதான் எனக்கு அந்த 11ஆம் நம்பர் கூண்டு ஞாபகம் வருது. சத்தமில்லாம கிடக்கிற ஊரைத்தான் முதல்ல போய்ப் பார்க்கணும்ங்கிறது நூறு வருஷத்துக்கு முந்தின ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ரெண்டாம் நாள் எங்க பங்காளி மகன் ஒருத்தன் மரத்துக்கு மேலயும் கீழயும் பைக்கைத் தூக்கித் தூக்கிக் கொண்டு போய் திருத்துறைப்பூண்டி தாண்டி சிக்னல் பிடிச்சான். ஊரை எடுத்த வீடியோவைப் போட்டான். சிங்கப்பூர்லயும் துபாய்லயும் இருக்கிற எங்க ஊர்ப் பிள்ளைங்க "எங்க ஊருக்கு யாராவது போனீங்களா"ன்னு ரெண்டு நாளா தேடிட்டு இருந்திருக்காங்க. அவங்க கையில அந்த வீடியோ கிடைச்ச நாலாம் நாள் தண்ணி லாரி வந்துச்சு. 1977ல ஆறு நாள், 2018ல நாலு நாள். பக்கத்து ஊர்ல அப்படிப் போன பையன் இல்ல, அவங்களுக்கு ஒரு வாரம் ஆச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலையில இருந்த ஊருக்கெல்லாம் ஒரே நாள்ல மூணு லாரி பிஸ்கட்டும் பாயும் வந்துச்சு, உள்ள அஞ்சு கிலோமீட்டர் தள்ளி ஒண்ணும் போகல. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. போன்ல தெரிஞ்ச ஊருக்கு வண்டி போச்சு.

2023 டிசம்பர் 17ல தெக்கே காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. திருச்செந்தூர்லேர்ந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு, உள்ள 800 பேர் போல. தண்டவாளத்துக்கு அடியில மண்ணே இல்ல. நிறுத்தினதாலதான் வண்டி தப்பிச்சுது. அன்னைக்கு வண்டிக்குள்ள இருந்தவங்க எடுத்த வீடியோ நாடு முழுக்க ஓடுச்சு, ஹெலிகாப்டர்ல சாப்பாடு போட்டாங்க. ஆனா வெளியே கொண்டு வர 19ஆம் தேதி ஆயிடுச்சு. தனுஷ்கோடி ரயிலுக்கும் இதுக்கும் 59 வருஷம். நிலவரம் தெரியறது வேற, போய்ச் சேர்றது வேற. தண்ணி வழி விட்டாத்தானே.

கஜாவுக்கு அப்புறம் நாங்க செஞ்சது பெரிய விஷயம் இல்ல. சுத்துப்பட்டு ஏழு ஊருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வெச்சோம். ஊருக்கு ரெண்டு பேர், ஒரு ஆண், ஒரு பெண். குட்மார்னிங் பூப்படம் போட்டா வெளியே தள்ளிடுவோம் (என் மச்சானையே ரெண்டு தடவை தள்ளியாச்சு). எது போட்டாலும் ஊர், இடம், நேரம் மூணும் இருக்கணும், இல்லேன்னா யாரும் வேற குழுவுக்கு அனுப்பக் கூடாது. தேவை முடிஞ்சா "முடிஞ்சது"ன்னு அதே ஆள் போடணும். அடப்பாறு மதகுச் சுவர்ல அடிக்கணக்குல வெள்ளைப் பெயிண்ட்ல கோடு போட்டிருக்கோம். மழைக்காலத்துல காலையும் சாயங்காலமும் அதைப் படம் எடுத்துப் போடணும். முன்னெல்லாம் "நிறைய தண்ணி போகுது"ன்னு சொல்லுவாங்க, அவனவன் மனசுக்கு ஏத்த நிறைய. இப்ப "நாலரை அடி, காலையில ஆறு மணி"ன்னு வருது. மதகு பார்க்கிற லஸ்கர் அண்ணனும் குழுவுல இருக்கார், வி.ஏ.ஓ.வும் இருக்கார். வெங்காயத்தாமரை அடைச்சு தண்ணி ஏறுறது மதகுல தெரியறதுக்கு முன்னாடியே மேக்கால ஊர்க்காரங்க சொல்லிடுறாங்க. நாத்து முங்குறதுக்குள்ள வடிகாலை வெட்டி விட அரை நாள் கிடைக்குது. சம்பா விவசாயிக்கு அரை நாள்னா சும்மாவா?

டவர் சாய்ஞ்சா இதெல்லாம் வேலைக்காகாதுன்னு கஜாவே காட்டிடுச்சு. அதனால ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தரை முடிவு பண்ணி வெச்சிருக்கோம். புயல் அடிச்சு ஆறு மணி நேரம் எந்த ஊர்லேர்ந்து சேதி வரலையோ, அந்த ஊருக்குப் பக்கத்து ஊர் ஆள் பைக்கோ நடையோ நேர்ல போய்ப் பார்த்துட்டு வரணும். போன ஐப்பசியில ஒரு ஊர் அப்படி ஊமையா இருந்துச்சு. போய்ப் பார்த்தா அங்க ரெண்டு பேருக்கும் போன்ல சார்ஜ் இல்ல, ஊர் நல்லாத்தான் இருந்துச்சு. போனவன் டீ குடிச்சிட்டு வந்துட்டான்.

1977ல உங்க ஊர்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதுங்க. சுவரு, கோயில் படி, குளத்துக்கரைன்னு அடையாளம் சொன்னா போதும். ஏழு ஊர்லயும் அந்த உயரத்துக்கு ஒரு கோடு போட்டு வைக்கலாம்னு இருக்கோம், இதுவரைக்கும் மூணு ஊர்லதான் சரியான இடம் தெரிஞ்சிருக்கு.